கரி கொண்டுவந்த ஆள்

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற நானும் மிக்கேலும் சேர்ந்து வாங்கிய கிரில் அடுப்பு அது. பானையைக் கவிழ்த்த மாதிரி மூடி. கரியைப் பற்றவைத்து மூடிவிட்டால் உள்ளே கோழி அனலிலும் புகையிலும் வேகும். ஞாயிறுதோறும் என் மொட்டைமாடியில்தான் சமையல். அவன் மசாலா தடவுவான், தீ என் பொறுப்பு. "நீ இல்லாட்டி இது வெறும் தகரம்லே" என்பான்.

ஒரு நாள், தன் வீட்டில் சம்பந்திக்கு விருந்து என்பதை மட்டும் சொல்லாமல் அடுப்பை வாங்கிப் போயிருந்தான். கரி பத்தாதே என்று ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். முற்றம் நிறைய வெள்ளைச் சட்டைகள். "வெளிநாட்டுல இருந்து நானே வரவழைச்சது" என்று அடுப்பைக் காட்டிக்கொண்டிருந்தவன், என் அழுக்குக் கைலியைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, அதை ஓரமா வச்சிட்டுப் போங்க."

"யாரு?" என்றார் சம்பந்தி.

"கரி கொண்டாந்த ஆளு."

வைத்தேன். கோழியை வைத்து மூடியிருந்த அடுப்பின் மூடியிலும் அடியிலும் இருந்த காற்றுத் துளைகளை அடைத்தேன். காற்றில்லாமல் தீ செத்துப்போகும். தீப்பக்கமே வராத மிக்கேலுக்கு அது தெரியாது.

"ஒரு மணி நேரம் மூடியத் தொடாதீங்க, முதலாளி" என்றேன். "நல்லா வெந்துரும்."