றொகானுக்கு ஏறாத ஹிந்தி

கட்டார் விசா வந்து மூன்று மாதமாகியும் றொகான் இன்னும் வல்வெட்டித்துறையில்தான் இருந்தான். பயணத்தை இரண்டு தரம் தள்ளிப்போட்டுவிட்டான். காரணம் கேட்டால் ஒரே பதில்தான்.

"அங்கை எல்லாரும் ஹிந்திதானாம் கதைக்கிறது. எனக்கு இன்னும் பிடிபடேல்லை."

கட்டாரில் ஒரு களஞ்சியத்தில் அவனுக்கு வேலை எடுத்துக் கொடுத்தது அவன் மனைவி ஜெயகௌரியின் அக்கா பத்மாசினி. அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு சின்ன ஹிந்திப் புத்தகத்தைப் படித்து முடிக்க இவ்வளவு நாளா, இது பாஷைப் பிரச்சினை இல்லை, வேலைக்குப் போகப் பஞ்சி என்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னாள்.

அவனுக்குப் படிப்பித்தது, ஹிந்திப் படம் பார்த்துக் கொஞ்சம் ஹிந்தி தெரிந்த ஜெயகௌரிதான். அதுவும் தற்செயலாக.

மாசியில் பிறந்த அவர்களுடைய பிள்ளை மூன்றாம் நாள் தவறிப்போனது. ஆஸ்பத்திரியால் வந்தவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். குளிக்கச் சொன்னால் குளித்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை.

ஒரு நாள் பின்னேரம் றொகான் அவளுக்குப் பக்கத்தில் இருந்து ஹிந்திப் புத்தகத்தை உரத்து வாசித்தான். தமிழ் எழுத்தில் இருந்ததையே பிழையாக வாசித்தான். திரும்பவும் அதே பிழை. நாலாம் தரம், சுவரைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்.

"பாதல். பாதல் எண்டால் முகில்."

ஐந்து கிழமைக்குப் பிறகு அவள் வாயால் வந்த முதற் சொல் அது.

அடுத்த நாளும் பிழை விட்டான். அவள் எழும்பி இருந்து புத்தகத்தைக் கையில் வாங்கினாள்.

பிறகு பின்னேரங்களில் இருவரும் கடற்கரைக்குப் போகத் தொடங்கினார்கள். வள்ளங்கள் ஏற்றிவிட்டிருந்த மணலில் இருந்து அவள் சொல்லிக்கொடுப்பாள். கடல், காற்று, கப்பல், வீடு. ஒவ்வொரு சொல்லாகத் தூரத்தைப் பார்த்துக்கொண்டு, நித்திரையில் கதைப்பவளைப் போலச் சொல்வாள். வெயில் சாய்ந்ததுகூடத் தெரியாது. அந்தப் பாஷையில் அவளுக்கு ஒரு துக்கமும் நடந்திருக்கவில்லை.

உடுப்புக் காயப்போடும்போதும் ஹிந்தி வசனங்களை முணுமுணுத்தாள். அவனுக்குத்தான் ஒன்றும் நிற்கவில்லை. எனக்குப் பசிக்கிறது என்று சொல்லவேண்டிய இடத்தில் ஒரு நாள், நான் ஒரு வீடு என்றான். ஜெயகௌரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது தான்தானா என்று அவளே திகைத்தாள்.

ஆனியில் பத்மாசினி வீட்டுக்கே வந்துவிட்டாள். இந்த முறையும் போகாவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவார்களாம். கட்டாரிலிருந்து சுப்பர்வைசர் அடுத்த நாள் நாலு மணிக்குப் போனில் ஹிந்தியில் கதைத்துப் பார்ப்பாராம்.

"உன்ரை மனிசனுக்கு மூளை இல்லையோ, மனம் இல்லையோ எண்டு கேட்டுச் சொல்லு," என்றுவிட்டுப் போனாள்.

ஜெயகௌரிக்கு அக்காமேல் கோபம் வரவில்லை. அவளுக்கும் அவன்மேல் அலுப்புத்தான். அடுத்த நாள் காலையிலிருந்தே அவனைப் பாடமாக்க வைத்தாள். மத்தியானம் வரைக்கும் அவன் தடக்கிக்கொண்டேயிருந்தான்.

போன் மூன்று மணிக்கே வந்துவிட்டது. கடைக்குப் போயிருந்த ஜெயகௌரி திரும்பி வந்து வாசல் படலையடியில் நின்றுவிட்டாள். உள்ளே யாரோ ஹிந்தி கதைப்பது கேட்டது. தடக்கமில்லாமல், இடையிடையே சிரித்துக்கொண்டு.

றொகானுடைய குரல்.

பாதி அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியது சில சொற்கள்தான். பம்பாய். கப்பல். ஏழு வருஷம். கல்யாணத்துக்கு முந்தி அவன் கப்பலில் வேலைக்கு நின்றது அவளுக்குத் தெரியும். அந்தக் கப்பலில் என்ன பாஷை கதைத்தார்கள் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான். இவ்வளவு நல்லாக் கதைக்கிற நீ ஏன் மூன்று மாதம் இழுத்தடித்தாய் என்று அந்த மனிதர் கேட்டது படலை வரைக்கும் கேட்டது.

றொகான் நிதானமாகப் பதில் சொன்னான். எல்லாம் அவள் படிப்பித்த சொற்கள். ஒன்றுகூடப் பிழையில்லை. அதனால் முழுவதும் அவளுக்கு விளங்கியது.

"என்ரை மனிசி கதைக்காமல் இருந்தவ, ஐயா. இப்ப கதைக்கிறா. இனி நான் வரலாம்."