படிக்கத் தெரியாத விரல்

வக்கீல் ஜெனிட்டாவுக்குப் பார்வை கிடையாது. அவளுடைய பத்து விரல்களில் வலது சுட்டுவிரலுக்கு மட்டும்தான் படிக்கத் தெரியும். கழுத்தில் மாட்டிய பிரெய்ல் கருவியில் வரிவரியாக எழும்பும் புள்ளிகளை அது தடவிக்கொண்டு ஓட, வாய் பின்னாலேயே ஓடும். அன்று காலை சேனைக்கிழங்கு நறுக்கும்போது அரிவாள்மனை அந்த விரலையே பார்த்து வெட்டிவிட்டது. கணவர் சகாயம் கட்டுப் போட்டு அனுப்பினார். வாய்தா கேட்க மனம் வரவில்லை. கட்சிக்காரி தன் பிள்ளையைக் கேட்டு வந்தவள். நீதிமன்றத்தில் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்ததில் மோதிர விரல் மட்டும் கொஞ்சம் மனசு வைத்தது. அதுவும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்துக்கூட்டியது, ஒரு சொல்லில் நின்றது, திரும்பிப் போய்த் தடவியது. "மெதுவாவே சொல்லுங்கம்மா," என்றார் நீதிபதி. எப்போதும் குறுக்கே பேசுகிறவர் அன்று கடைசிவரை கேட்டார். பிள்ளையைத் தாயோடு அனுப்பினார். சாயங்காலம் சகாயம், "விரல் வலிக்குதா?" என்று கேட்டார். "அதை விடுங்க. மோதிர விரலுக்கு இப்பத்தான் படிப்பு ஏறுது. அதுக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்க." கல்யாணத்துக்குப் பிறகு அவளிடமே பிரெய்ல் கற்றவர் அவர். கருவியில் புள்ளிக்கு ஒன்றாக இருந்த ஆறு விசைகளையும் தேடித்தேடி அழுத்தி, ஒரே ஒரு சொல் எழுதி நீட்டினார். விரல் முதல் எழுத்தில் தயங்கியது. இரண்டாவதிலேயே அது தன் பெயர்தான் என்று ஜெனிட்டாவுக்குத் தெரிந்துவிட்டது. விரல் தானே படித்து முடிக்கட்டும் என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.