காதோரம் ஒரு கீறல்

"ஐயய்யோ, ரத்தம்!"

அலறியது வெட்டுப்பட்டவர் அல்ல, சவரக்கத்தியைப் பிடித்திருந்த ஆல்வின்தான்.

"மன்னிச்சுக்கப்பா, நான்தான் அசைஞ்சிட்டேன்" என்றார் நாற்காலியில் இருந்தவர். எங்கள் லிங்கன் நகரத்தில் கத்தி பட்டவர்தான் முதலில் மன்னிப்புக் கேட்பார்.

நீதிமன்றத்துக்கு எதிரே, வக்கீல்களை நம்பி ஆல்வின் கடை திறந்து மூன்று நாள் ஆகிறது. முதன்முதலாக வந்து உட்கார்ந்த கறுப்புக் கோட்டுக்காரரின் காதோரத்தையே கிழித்துவிட்டான். அவர் வழக்குப் போட்டால் கடையும் போய்விடும், அவனும் கம்பி எண்ண வேண்டியதுதான்.

"கேஸ் கீஸ் போட்டுடாதீங்க சார். முதல்ல டீ குடிங்க."

அவர் ஒரு மடக்குக் குடித்தார். "அடடா, பீங்கான் கப்பு!" முகமெல்லாம் சிரிப்பு. பிறகு கண்ணாடியில் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தோல் ரெண்டு அடுக்குப்பா. மேல் தோல் மட்டும் உரிஞ்சா சட்டப்படி அது காயமே இல்ல. ரெண்டும் அறுந்தாதான் காயம். நீ ரெண்டையும் அறுத்துட்ட."

ஆல்வின் பஞ்சை எடுத்துக் காதோரம் அழுத்தினான். "எத்தனை வருஷம் சார் போடுவாங்க?"

"பலமா காயப்படுத்தணும்னே வெட்டியிருந்தா ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம். அடிபடும்னு தெரிஞ்சே துணிஞ்சிருந்தா அஞ்சு வருஷம் வரைக்கும். வேணும்னா வெட்டின?"

"சத்தியமா இல்ல சார்! திடீர்னு போன் அடிச்சுது, கை தூக்கிப் போட்டுடுச்சு."

"இப்படி ஆகும்னு நெனச்சியா?"

"கனவுலகூட நெனக்கல!"

"அப்ப குற்றமே இல்ல, போ! கை தவறினதுக்கெல்லாம் உள்ள தள்ள முடியாது. மிச்சத்தையும் வழிச்சு விடு. பதினோரு மணிக்கு என் பொண்ணுக்குக் கல்யாணம். இன்னிக்கு நான் யார் மேலயும் கோவப்பட மாட்டேன்."

போன உயிர் திரும்பி வந்தது ஆல்வினுக்கு. சந்தோஷத்தில் சீழ்க்கை அடித்தபடியே சவரத்தை முடித்தான். கன்னம் பளபளத்தது. காசு வேண்டவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டான்.

"எதிர்ல இருக்கிற ஜட்ஜுகூட இவ்வளவு தெளிவா சொல்ல மாட்டாரு சார். எந்தக் காலேஜ்ல சட்டம் படிச்சீங்க?"

"காலேஜா? ஜெயில்லப்பா. காலையிலதான் விட்டாங்க."

அவர் கோட்டை மாட்டிக்கொண்டு, ஆல்வினின் தோளில் அன்பாகத் தட்டினார்.

"நானும் உன்னை மாதிரி முடி வெட்டுறவன்தான். ஆனா, நான் வேணும்னே வெட்டினேன்."