சவரக்கத்தியின் ஆணி

கணவர் விட்டுப்போன கத்தியால்தான் மகனுக்குக் கல்யாணச் சவரம் நடக்க வேண்டும் என்று தங்கபுஷ்பம் பிடிவாதமாக இருந்தாள். அலகைப் பிடியோடு சேர்க்கும் ஆணி தேய்ந்து கத்தி ஆடியது. சாணை பிடிக்கும் செய்யது பழைய ஆணியைத் தட்டி எடுத்ததும் பிடியின் இரண்டு பக்கங்களும் விலகின. உள்ளே காய்ந்துபோன சோப்பு நுரை. அதில் ஒட்டியபடி ஒரு தாடி முடி, நல்ல கறுப்பு. அவர் கண்ணை மூடும்போது தாடி முழுக்க நரைத்திருந்தது.

"தொடைச்சிரட்டாக்கா?"

"ஐயோ, இருக்கட்டும்."

"அழுக்கோட அடிச்சா ஆணி இறுகாது. மாப்பிள்ளை கழுத்துல விளையாட முடியுமா?"

அவள் பிடியை வாங்கி முகத்தருகே கொண்டுபோனாள். சோப்பு வாசனை இன்னும் இருந்ததா, இருப்பதாக நினைத்துக்கொண்டாளா, தெரியவில்லை. பிறகு முந்தானை நுனியால் தானே துடைத்தாள். அந்த நுனியை முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ம், அடிங்க."