அது இல்லண்ணா

மாலை நான்கு மணி வெயில் மேடை விரிப்பில் சாய்ந்து கிடக்கிறது. மேசையில், அண்ணன் பெயரில் வந்திருக்கும் சீட்டு வித்தைப் புத்தகம் கோபுரமாக அடுக்கியிருக்கிறது. அதிலுள்ள வித்தைகளை யோசித்து, விரல் வீங்கப் பழகி, வரிவரியாக எழுதியவள் தங்கை. நன்றி சொல்லும் பக்கத்தில் டீ கொண்டுவந்தவர் பெயர்கூட இருக்கிறது. அவள் பெயர் இல்லை. அப்படியிருந்தும் வெளியீட்டு விழாவில் தான் காட்டும் வித்தைக்குச் சீட்டு எடுக்க அவளையே மேடைக்கு அழைத்திருக்கிறான். அவன் நீட்டிய சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவி, யாருக்கும் காட்டாமல் பார்த்து, திரும்பச் செருகுகிறாள். அந்தச் சீட்டுக்கட்டிலுள்ள ஐம்பத்திரண்டும் ஹார்ட் ஏழுதான். கடை கடையாக ஏறி இறங்கி அதைச் சேர்த்துக் கொடுத்தவளும் அவள்தான்.

“ஹார்ட் ஏழு,” என்கிறான் கண்ணை மூடியபடி. கைதட்டக் கைகள் உயர்கின்றன.

“அது இல்லண்ணா,” என்கிறாள் அவள் மைக்கில், நிதானமாக.

“நல்லா ஞாபகப்படுத்திப் பாரும்மா.”

“நல்லா ஞாபகம் இருக்கு. வேற சீட்டு.”

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்கிறார். உயர்ந்த கைகள் மடிக்குத் திரும்புகின்றன. அவள் சொல்வது பொய் என்று நிரூபிக்க, சீட்டுகளைத் திருப்பிக் காட்டினால் போதும். காட்டினால் அத்தனை ஏழும் சபைக்குத் தெரிந்துவிடும். அவற்றை இறுக்கிப் பிடித்ததில் அவன் விரல்நுனிகள் வெளுக்கின்றன.

“அப்ப எந்தச் சீட்டுன்னு நீயே சொல்லிடு,” என்கிறான். குரல் கெஞ்சுகிறது.

“நான் எப்படிண்ணா சொல்றது? புத்தகம் எழுதினது நீதான?” என்று மைக்கை அவன் கையில் வைத்துவிட்டுப் படியிறங்குகிறாள்.