இரண்டு பக்கமும்

டாக்டர் விளக்கு வைத்த மெல்லிய குழாயை மூக்கிலிருந்து உருவி எடுத்தார். மைக்கல்ராஜுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை.

கோலா சாவாத் தோட்டத்துச் சேற்றில் பத்து டன் செம்பனைக் குலையோடு லாரி ஓட்டுகிற ஆள். இப்போது டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். போன வருடம் இதே மூக்கடைப்பில் தொடங்கித்தான் கூட்டாளி சன்னாசி புற்றுநோயில் போய்ச் சேர்ந்தான்.

வரவே மாட்டேன் என்றவனை மனைவி கொரெட்டிதான் விடவில்லை. "வாயத் தொறந்துகிட்டு தூங்குறீங்க, மீன் கருகினாகூட வாடை தெரியல" என்று மூன்று வாரம் அரித்தெடுத்தாள். தான் வேலை செய்யும் சுங்கை காடுட் தொழிற்சாலையில் லீவும் போட்டு, சிரம்பானுக்கு இழுத்து வந்துவிட்டாள்.

"பயப்படாதீங்க, பாலிப்தான்," என்றார் டாக்டர் புவனேஸ்வரன். "ரெண்டு பக்கமும் இருக்கு. உரிச்ச லோங்கான் பழம் மாதிரி வழவழன்னு சதை. வலியும் இல்ல, ரத்தமும் இல்ல. கேன்சர் இப்படி இருக்காதுலா. ஸ்பிரே அடிங்க, சுருங்கும்."

மைக்கல்ராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாதாவே என்று சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தான்.

கொரெட்டி எழவில்லை.

"கேன்சர்னா எப்படி இருக்கும் டாக்டர்?"

பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் அடைக்கும், அந்தப் பக்கமே ரத்தம் கசியும், சிலருக்குக் கழுத்தில் கட்டி தட்டுப்படும் என்றார் அவர். ரத்தம் தினமும் வருமா, கட்டி வலிக்குமா என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள்.

மைக்கல்ராஜுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டரே இல்லை என்கிறார், இவள் என்ன விடமாட்டேன் என்கிறாள்? புருஷனுக்குக் கேன்சர் வந்தால்தான் இவளுக்கு மனசு ஆறுமா?

"அதான் எனக்கு இல்லன்னுட்டாரே. வா, போலாம்லா."

மருந்தை வாங்கிக்கொண்டு காரை எடுத்து வாசலில் நிறுத்தினான். அவளைக் காணோம். ஹாரன் அடித்தான். வரவில்லை. முணுமுணுத்துக்கொண்டே இறங்கி உள்ளே போனான்.

கொரெட்டி கவுண்டரில் நின்றிருந்தாள்.

"அண்ணனுக்குத்தான் பார்த்தாச்சே, அக்கா?" என்றாள் பெயர் பதியும் பெண்.

"இது எனக்கு." கொரெட்டி தன் அடையாள அட்டையை நீட்டினாள். "மூணு மாசமா. இடது பக்கம் மட்டும்."