போடாத இரண்டு திருகுகள்

மத்தியான வெயில் ஜன்னல் தட்டிகளின் வழியாகக் கோடுகோடாக விழுகிற அறையில் எல்லோரும் கைதட்டுகிறார்கள். பூமியின் ரேடியோ இரைச்சல் எட்டாத நிலவின் மறுபக்கத்தில் இறங்கிய கருவி, முதல் நட்சத்திரம் பிறப்பதற்கும் முந்தைய காலத்தின் சன்னமான முனகலைப் பிடித்துவிட்டதாம். திரையில் ஓடும் கோடு ஓரிடத்தில் பள்ளமாக இறங்குகிறது; அதுதான் அந்த முனகல். "கெடைச்சிருச்சு... பதினேழு வருஷம்!" என்று ஃபோனில் மனைவியிடம் சொல்லும்போது தலைமை விஞ்ஞானிக்குக் குரல் உடைகிறது. அந்தக் கருவியைப் பாகம் பாகமாகப் பூட்டிய பெண்ணின் கையில் காகிதக் கோப்பை நசுங்குகிறது. பள்ளம் விழுந்திருக்கும் இடம் அவளுக்குத் தெரியும். கருவியின் மின்சாரப் பெட்டி இரைகிற அதே அலைவரிசை; திரையில் தெரிவது அந்தப் பெட்டியின் வேலையாகவே இருக்கலாம். அந்த இரைச்சல் வெளியே கசியாமல் அடைக்கிற மூடியில், அனுப்புகிற அவசரத்தில் இரண்டு திருகுகளை விட்டுவிட்டு, எல்லாம் முடுக்கியாச்சு என்று கையெழுத்தும் வைத்தவள் அவள்தான். கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத் தலைமை விஞ்ஞானியிடம் போகிறாள். "சார்..." அவர் சிரித்த முகத்தோடு திரும்புகிறார். "மூடியில ரெண்டு திருகு நான் போடல சார். போட்டேன்னு எழுதிட்டேன்." கைதட்டல் ஒவ்வொன்றாக ஓய்கிறது. "அப்புறம் பேசுறேன்" என்று அவர் ஃபோனை வைக்கிறார். தலைகுனிந்து நிற்கிறவளுக்கு, நாலு வார்த்தை திட்டிவிட்டால்கூடத் தேவலை என்றிருக்கிறது. அவரோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா. எந்தப் பக்கத்துத் திருகு?" என்கிறார்.